சிவிலைசேஷன் 6: எம்பெரர் லெவல், கஜானா நிறைய தங்கம், ஆனாலும் கடைசி இடம். எங்கே கோட்டை விட்டேன்?

நாலூர்_ராஜா:

சிவிலைசேஷன் 6 என்கிற கணினி வியூக ஆட்டத்தில், கிங் லெவலில் தொடர்ந்து மூன்று ஆட்டம் ஜெயித்த தெம்பில் அடுத்த கடினமான லெவலான எம்பெரருக்குப் போனேன். இப்போது 140வது டர்னில் (சுற்றில்) விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கேதரிங் ஸ்டார்ம் விரிவாக்கம் போட்டு, ஸ்டாண்டர்ட் வேகத்தில் ஆடுகிறேன்.

என்னிடம் நான்கு நகரங்கள். தலைநகரத்தில் மக்கள் தொகை 14, மற்றதில் 8, 6, 3. பிரமிட்ஸ், ஆரக்கிள், கிரேட் லைப்ரரி மூன்றும் என்னுடையவை (எம்பெரரில் மூன்று வொண்டர், அதாவது உலக அதிசயம், கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்கிறேன்). கஜானாவில் 1,200 தங்கம் இருக்கிறது, யாராவது படை எடுத்து வந்தால் உதவும் என்று தொடாமல் வைத்திருக்கிறேன். இரும்பு 50க்கு 50 நிரம்பி நிற்கிறது. யாருடனும் சண்டை இல்லை, எல்லா ஊரும் அமைதி.

ஆனால் சயின்ஸ் டர்னுக்கு வெறும் 42. பக்கத்து நாட்டுக்காரனுக்கு 95. அவன் மஸ்கட் வீரர்களோடு எல்லையில் உலாத்துகிறான், நான் இன்னும் குறுக்குவில்லோடு நிற்கிறேன். நாலாவது நகரம் இரும்புக்காகவே போய் வைத்தது, அது 3 பேரோடு அப்படியே உறைந்துவிட்டது, என்ன செய்தாலும் வளரவில்லை. ஒரு தவறும் செய்யாத மாதிரிதான் எனக்குத் தோன்றுகிறது. ஏஐக்கு (கணினி ஆடும் நாடுகளுக்கு) இந்த லெவலில் இலவசமாகக் கொடுக்கிற போனஸ்தான் காரணமா, இல்லை நான் ஆடுவதே தப்பா?

கோடாலி:

போனஸ் உண்டு. எம்பெரரில் ஏஐக்கு புரொடக்ஷனும் தங்கமும் 40 சதவீதம் கூடுதல், சயின்ஸ், கல்ச்சர், ஃபெய்த் 16 சதவீதம் கூடுதல், சண்டையிலும் 2 பாயின்ட் தூக்கிக் கொடுப்பார்கள். ஆனால் 16 சதவீதத்தை வைத்துக்கொண்டு 42ஐ 95 ஆக்க முடியாது இல்லையா? மீதி முழுக்க உங்கள் கைங்கரியம்தான் நண்பா.

அந்த மூன்று வொண்டருக்கே வருகிறேன். பிரமிட்ஸ் 220 புரொடக்ஷன், ஆரக்கிள் 290, கிரேட் லைப்ரரி 400. மொத்தம் 910. புது ஊர் வைக்கிற செட்லர் விலை என்ன? முதலாவது 80, அப்புறம் ஒவ்வொன்றுக்கும் 30 ஏறும். நீங்கள் 80, 110, 140 கொடுத்து மூன்று செட்லர் எடுத்து நாலு ஊரோடு நிறுத்திவிட்டீர்கள். அடுத்த நாலு செட்லருக்கு 170, 200, 230, 260, கூட்டினால் 860. அதாவது அந்த மூன்று வொண்டரின் விலையில் இன்னும் நாலு நகரங்கள் வந்திருக்கும், கையில் 50 மிச்சமும் இருக்கும். காலனைசேஷன் என்கிற கொள்கைக் கார்டு போட்டிருந்தால் செட்லருக்கு 50 சதவீதம் கூடுதல் வேகம், அப்போது இதே வேலை 575க்குள் முடிந்திருக்கும். அந்தக் கார்டு ஏர்லி எம்பயர் சிவிக்கில் (கலாச்சார முன்னேற்றத்தில்) கிடைக்கிறது, மொத்த மக்கள் தொகை 6ஐத் தொட்டாலே அந்த சிவிக்குக்கு 40 சதவீதத் தள்ளுபடி வேறு.

வொண்டரே கட்டக் கூடாது என்று சொல்லவில்லை. பாலைவனம் பக்கத்தில் இருந்து நிலத்தைச் சீர்செய்யும் பில்டர் நிறைய எடுக்கப் போகிறோம் என்றால் பிரமிட்ஸ் நல்ல முதலீடுதான், நானும் கட்டுவேன். ஆனால் கிரேட் லைப்ரரிக்கு 400ஐக் கொட்டிய அந்த டர்ன்களில் பக்கத்து நாட்டுக்காரன் இரண்டு ஊர் வைத்து, இரண்டிலும் கேம்பஸ் (சயின்ஸ் தரும் பகுதி) போட்டிருப்பான். சயின்ஸ் அங்கேதான் போனது.

அப்புறம் அந்த 1,200 தங்கம். இதைப் படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. தங்கத்தில் வாங்கினால் புரொடக்ஷன் விலையின் 4 மடங்கு. முதல் செட்லர் 320க்குக் கிடைத்திருக்கும். இன்றைக்கு உங்களுக்கு அடுத்த செட்லர் 680, அதற்கடுத்தது 800, ஆக 1,200ஐ வைத்துக்கொண்டு இரண்டு செட்லர்கூட வாங்க முடியாது. தங்கம் குறையவில்லை, ஆனால் அது வாங்குகிற பொருள் டர்னுக்கு டர்ன் விலை ஏறிக்கொண்டே போகிறது. ஆபத்து வந்தால் என்று 300, 400 வைத்துக்கொள்ளுங்கள். மற்றதைச் செலவழியுங்கள்.

ஈட்டி72:

கோடாலி செட்லர் கணக்கு சொல்லிவிட்டார், சரி. நான் சொல்வது இன்னும் சுருக்கம்: பக்கத்து நாட்டுக்காரன் கட்டிய நகரமும் நகரம்தான். அதற்கு செட்லர் விலை கிடையாது.

வாள்வீரன் ஒருவனுக்கு 20 இரும்பு. உங்களிடம் 50 நிரம்பிய நாளிலிருந்து அந்தச் சுரங்கம் தோண்டிய ஒவ்வொரு இரும்பும் காற்றில் போயிருக்கிறது, அதிகபட்சம் 50தான் சேரும், அதற்கு மேல் வராது. என்கேம்ப்மென்ட் என்கிற படைமுகாமில் பேரக்ஸ் கட்டினால் 10 கூடும், அவ்வளவுதான். பழைய வாரியர்களை வைத்துக்கொண்டு, தங்கத்தால் வாள்வீரன் ஆக்கி, கூடவே மதில் உடைக்கிற ஒரு பேட்டரிங் ராம் அனுப்பியிருந்தால் 70, 80வது டர்னில் பக்கத்தில் ஒரு ஊராவது விழுந்திருக்கும். ப்ரொஃபஷனல் ஆர்மி கார்டு கையில் இருக்கும்போது செய்தால் அப்கிரேடு பாதி விலை. இப்போது மஸ்கட்டைப் பார்த்துக்கொண்டு வாளோடு போகாதீர்கள், காலம் தாண்டிவிட்டது. சண்டை வேண்டாம் என்றால் அந்த இரும்பை ஏஐக்கு விற்றாவது காசாக்குங்கள்.

கணக்குப்பிள்ளை:

மேலே இருவரும் சொன்னது சரிதான், ஆனால் உறைந்து நிற்கிற அந்த நாலாவது நகரத்தை யாரும் தொடவில்லை. எட்டு நகரம் வைத்து எட்டையும் இப்படி உறைய விட்டால் ஒரு பிரயோஜனமும் இல்லை, அதனால் அதைச் சொல்கிறேன்.

இரும்புக்காகப் போய் வைத்தேன் என்கிறீர்கள், அனேகமாகப் பக்கத்தில் ஆறோ ஏரியோ இருக்காது. நன்னீர் ஓரம் நகரம் வைத்தால் ஹவுசிங் (குடியிருக்க இடம்) 5, கடலோரம் 3, இரண்டும் இல்லாவிட்டால் வெறும் 2. மக்கள் தொகை ஹவுசிங்குக்கு ஒன்று குறைவாக இருக்கும்போதே வளர்ச்சி பாதியாகிவிடும், அதைத் தொட்டதும் கால்வாசி. உங்கள் ஊரில் ஹவுசிங் 2ஓ 3ஓ, மக்கள் 3. சாப்பாடு எவ்வளவு கொட்டினாலும் முக்கால் பங்கு வீண். கிரானரி (தானியக் களஞ்சியம்) கட்டினால் 2 ஏறும், வயல் ஒவ்வொன்றும் அரை கொடுக்கும். அக்வடக்ட் (நீர்க்கால்வாய்) போட முடிந்தால் தண்ணீர் இல்லாத ஊர் 6க்கு வந்துவிடும், ஆனால் அது நகர மையத்தையும் ஓர் ஆறு, ஏரி, ஓயாசிஸ் அல்லது மலையையும் ஒட்டி இருக்க வேண்டும். மலை கணக்கில் சேரும் என்பது பலருக்குத் தெரியாது.

அடுத்து, அந்த ஊரில் என்கேம்ப்மென்ட் வைத்திருக்கிறீர்களா? வைத்திருந்தால் அதுவும் தப்பு. 1 பேருக்கு ஒரு டிஸ்ட்ரிக்ட் (கேம்பஸ், படைமுகாம் மாதிரி சிறப்புப் பகுதி), 4 பேர் ஆனால் இரண்டாவது, 7 ஆனால் மூன்றாவது என்றுதான் இடம் கிடைக்கும். 3 பேர் இருக்கிற ஊரின் ஒரே இடத்தைப் படைமுகாமுக்குக் கொடுத்துவிட்டு சயின்ஸ் எங்கே என்று கேட்டால் எப்படி?

ஆட்டத்தில் மிக முக்கியம் என்று நான் நினைப்பது டிஸ்ட்ரிக்ட் விலை. தொடக்கத்தில் 54 புரொடக்ஷன். நீங்கள் டெக்கும் (தொழில்நுட்பமும்) சிவிக்கும் முடிக்க முடிக்க அது ஏறும், எந்த ஊரில் கட்டினாலும் ஏறிய விலைதான். ஆனால் இடத்தைக் குறித்துவிட்ட நொடியில் விலை அதோடு நின்றுவிடும். அதனால் இடம் திறந்ததும் கேம்பஸைக் குறித்து வைத்துவிட்டு, ஒரு டர்ன்கூட அதில் வேலை செய்யாமல் வேறு எதையாவது கட்டப் போகலாம். முப்பது டர்ன் கழித்துத் திரும்பி வந்தாலும் பழைய விலை. புரொடக்ஷனைச் சேமித்து வைக்க முடியாத ஆட்டத்தில், விலையைச் சேமிக்க ஏறக்குறைய இது ஒன்றுதான் வழி. காட்டின் மேல் குறிக்க வேண்டுமென்றால் முதலில் மரத்தை வெட்டி அந்தப் புரொடக்ஷனை எடுத்துக்கொண்டு குறியுங்கள், நேராகக் குறித்தால் மரம் வீண்.

நாலூர்_ராஜா:

அய்யோ, என்கேம்ப்மென்ட்தான். எப்படிக் கண்டுபிடித்தீர்கள்! இரும்பு இருக்கிற ஊரில்தான் முகாம் வைக்க வேண்டும் என்று நானாகவே ஒரு விதி போட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு சந்தேகம். ஊர் கூடினால் அமெனிட்டி (மக்களை மகிழ்விக்கும் வசதி) பத்தாமல் எல்லோரும் முறைப்பார்களே, அந்தப் பயத்தில்தான் நாலோடு நிறுத்தினேன். கிங்கில் எனக்கு அது போதுமானதாக இருந்தது. இன்னொன்று, மேக்னஸ் என்கிற கவர்னரை வைத்துக் காட்டை எல்லாம் வெட்டச் சொல்கிறார்களே, அப்புறம் ஊருக்கு என்ன மிஞ்சும்?

கணக்குப்பிள்ளை:

பயம் நியாயம், அளவு தப்பு. முதல் 2 பேருக்கு எந்த ஊரும் அமெனிட்டி கேட்காது. அதற்குமேல் சுமார் 2 பேருக்கு ஒன்று. ஒரு லக்சுரி (ஆடம்பரப் பொருள்) நாலு ஊருக்குத் தலா ஒன்று கொடுக்கும். அதே லக்சுரி இரண்டாவது ஒன்று கிடைத்தால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை, அதைத்தான் ஏஐக்கு விற்றோ அவனிடம் இருக்கும் வேறு லக்சுரிக்கு மாற்றியோ எடுக்க வேண்டும். அமெனிட்டியை அதிகம் தின்பது உங்கள் 14 பேர் தலைநகரம்தான். 4 பேர் வீதம் எட்டு ஊர் இருந்தால் இரண்டு லக்சுரியிலேயே எல்லோரும் சமாதானம். 4 பேர் இருந்தால் இரண்டாவது டிஸ்ட்ரிக்டும் திறந்துவிடும், கேம்பஸ் ஒன்று, கமர்ஷியல் ஹப் ஒன்று. ஹப்பில் மார்க்கெட் கட்டினால் வணிகப் பாதை ஒன்று கூடும், அதைப் புது ஊரிலிருந்து தலைநகரத்துக்கு விடுங்கள், சாப்பாடும் புரொடக்ஷனும் புது ஊருக்கு வரும். தொடக்கத்தில் வெளிநாட்டுக்கு விட்டுத் தங்கம் பார்ப்பதைவிட எனக்கு இதுதான் பிடிக்கும்.

கோடாலி:

காடு வெட்டுவது என் பேட்டை, அதற்கு நான் பதில் சொல்கிறேன். பேரைப் பார்த்தாலே தெரியும்.

மேக்னஸ் இருக்கிற ஊரில் வெட்டினால் 50 சதவீதம் கூடுதல். செட்லர் கட்டும்போது வெட்டினால் காலனைசேஷன் கார்டும் அதன்மேல் சேரும். அவன் ஊரில் உட்கார 5 டர்ன் ஆகும் என்பதை மட்டும் மறக்காதீர்கள், பில்டரை முன்னாலேயே கொண்டு வந்து நிறுத்திவிட்டு மேக்னஸுக்காகக் காத்திருந்த கதை எல்லோருக்கும் உண்டு. ப்ரொவிஷன் பட்டமும் கொடுத்துவிட்டால் அந்த ஊரில் செட்லர் எடுக்கும்போது மக்கள் தொகை குறையாது, அப்போது அந்த ஊர் செட்லர் தொழிற்சாலை. என் வழக்கம் எல்லாக் காட்டையும் 100வது டர்னுக்குள் முடித்துவிடுவது.

கணக்குப்பிள்ளை:

இங்கேதான் எனக்கும் கோடாலிக்கும் எப்போதும் ஒத்துப்போகாது. வெட்டும்போது கிடைக்கிற புரொடக்ஷன் நம் டெக், சிவிக் முன்னேற்றத்தோடு ஏறிக்கொண்டே போகும். ஆற்றோரக் காடாக இருந்தால் இரண்டு மூன்றை விட்டு வைப்பேன், லம்பர் மில் (மர ஆலை) போட்டு நாள் முழுக்கச் சம்பாதிக்கலாம், பிறகு அவசரத்துக்கு வெட்டலாம்.

கோடாலி:

ஏறுவது மரத்தின் மதிப்பு மட்டுமா, டிஸ்ட்ரிக்ட் விலையும் அதே காரணத்துக்காகத்தானே ஏறுகிறது. இன்று வெட்டி இன்று ஒரு ஊர் வைத்தால் அந்த ஊர் நூறு டர்ன் உழைக்கும். மரம் அங்கேயே நின்றுகொண்டிருக்கும்.

கணக்குப்பிள்ளை:

செட்லருக்கும் முதல் கேம்பஸுக்கும் வெட்டுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. வொண்டருக்காக வெட்டினால்தான் அடிக்க வருவேன்.

நாலூர்_ராஜா:

பழைய ஆட்டத்தை மூடிவிட்டு அதே லெவலில் புதிதாக ஒன்று தொடங்கினேன். வொண்டர் ஒன்றும் கட்டவில்லை, கை ஊறியது, அடக்கிக்கொண்டேன். 100வது டர்னில் எட்டு ஊர், ஐந்தில் கேம்பஸ், சயின்ஸ் 61. பக்கத்தில் இருப்பவனுக்கு 58. கஜானாவில் எப்போதும் 300க்கு மேல் இருந்ததே இல்லை, முதல் ஐம்பது டர்ன் அந்த எண்ணைப் பார்க்கப் பார்க்கப் பதற்றமாகவே இருந்தது. இரண்டு முறை காட்டுமிராண்டிகள் வந்தார்கள், அங்கேயே வில்லாளி வாங்கிச் சமாளித்தேன்.

ஆனால் எட்டாவது ஊர் 96வது டர்னில் என்னை விட்டுப் போய்விட்டது. சண்டை எதுவும் இல்லை, லாயல்டி (விசுவாசம்) குறைந்து குறைந்து தானே சுதந்திர ஊர் ஆகிவிட்டது. அதனால் எட்டு என்று சொன்னதை ஏழு என்று திருத்திப் படியுங்கள்.

கணக்குப்பிள்ளை:

எதிரி நகரத்துக்கு எத்தனை கட்டம் தள்ளி வைத்தீர்கள்? 9 கட்டத்துக்குள் இருக்கிற ஒவ்வொரு ஊரின் மக்களும் இழுப்பார்கள், பக்கத்தில் இருந்தால் இழுப்பு இன்னும் பலம். கவர்னர் ஒருவரை அங்கே உட்கார வைத்தால் டர்னுக்கு 8 லாயல்டி கூடும், ஒரு மானுமென்டும் வைத்தால் இன்னும் ஒன்று.

நாலூர்_ராஜா:

5 கட்டம். அங்கே மலை மூன்று பக்கமும் இருந்தது, கேம்பஸுக்கு அழகான இடம், விட மனசு வரவில்லை. கவர்னரா... மேக்னஸ் தலைநகரத்தில் மரம் வெட்டிக்கொண்டிருந்தான்.

ஈட்டி72:

சுதந்திர ஊர்தானே, யாருக்கும் சொந்தமில்லை. வாள்வீரன் இருக்கிறானா?

நாலூர்_ராஜா:

இந்த ஆட்டத்தில் இரும்பு 12தான் இருக்கிறது. இன்னும் நாலு டர்ன்.