ஒரே குப்பைக் குவியல், ஈரப்பதம் மட்டும் ஒத்தே வரலை

சிவில் இறுதியாண்டு ப்ராஜெக்ட். மதுரையில் எங்க தெரு 40 வீட்டுக் குப்பையை ஒரு வாரமா எடைபோட்டு வகை பிரிக்கிறோம். ஒரே குவியலில் எடுத்த மூணு மாதிரியில் ஈரப்பதம் 46, 58, 67 சதவீதம்னு வருது.

100 கிலோவைத் தார்ப்பாயில் கொட்டிக் கலந்து, நாலாப் பிரிச்சு, எதிரெதிர்ப் பங்கை மட்டும் வச்சு மறுபடி கலந்து, 2 கிலோ வரைக்கும் குறைச்சாச்சு. ஓவனில் 105 டிகிரி, 24 மணி நேரம். தராசையும் மாத்தியாச்சு. தட்டுக்கு 200 கிராம்தான். ஒண்ணுல பாதி பால் கவர், இன்னொண்ணுல சாம்பார் ஊறின வாழை இலை. பிரிச்சு முடிக்க மதியமாகிடுது, அதுக்குள்ள பாயில தண்ணி தேங்கிடுது (நாத்தத்தைக் கேக்காதீங்க).

கலவையை விட்டுட்டு, காய்கறி, காகிதம், பிளாஸ்டிக்னு தனித்தனியா ஈரம் அளந்து எடை விகிதப்படி கூட்டினா சரியா வருமா?