குறைந்த செலவில் வீடு, மனை விளம்பரம்: தரகர்களின் அனுபவப் பகிர்வு

கேள்வி

தனியாகத் தரகு பார்க்கிறவர்களில் பலருக்கு மாதம் 2,000 ரூபாய்க்கு மேல் விளம்பரத்தில் இறக்க முடியாது. அந்தத் தொகைக்குள் வீடு, மனையை இணையத்தில் எப்படிக் கொண்டு சேர்க்கிறீர்கள்? எது பலிக்கிறது, எது எங்கே சறுக்குகிறது என்று செய்முறையோடு எழுதுங்கள்.

கோவை, தனி வீடு மறுவிற்பனை

காசு போடுவதற்கு முன்னால் படத்தைச் சரி பண்ணுங்க. கிழக்குப் பார்த்த வீட்டைக் காலை 8 மணி வாக்கிலும், மேற்குப் பார்த்த வீட்டைச் சாயந்திரம் 4 மணிக்கு மேலும் எடுத்தால் வெயில் முகப்பில் விழும். நேரம் தப்பினால் வெளிச்சம் வீட்டுக்குப் பின்னாலிருந்து வரும். முகப்பு இருண்டு, புது வீடுகூடப் பழசாகத் தெரியும். வடக்குப் பார்த்த வீட்டு முகப்பில் வருஷத்தில் பெரும்பகுதி நேர் வெயிலே விழாது. மேகம் மூடிய பகல்தான் அதற்குத் தோது.

உள்ளே போனால் எல்லா லைட்டையும் போட்டு, ஜன்னலைத் திறந்து, லென்ஸை ஒரு தரம் துடைத்து, போனைக் குறுக்காக நெஞ்சு உயரத்தில் பிடியுங்க. போனில் 0.5 என்று காட்டுகிற அகலக்கோண லென்ஸில் எடுத்தால் ஹால் கல்யாண மண்டபம் மாதிரி விழும். நேரில் வந்து பார்க்கிற பார்ட்டி வாசலிலேயே முகம் சுருங்கிவிடுவார், அதற்கப்புறம் என்ன சொன்னாலும் நம்ப மாட்டார். அந்த லென்ஸைக் குளியலறைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். கொடியில் துணி, குடும்பப் போட்டோ, வண்டி நம்பர் எதுவும் படத்தில் வரக்கூடாது.

பத்துப் பன்னிரண்டு படம் போதும். தெருவோடு சேர்ந்த முகப்பில் தொடங்கி, கார் நிற்கும் இடம், ஹால், சமையலறை, படுக்கையறை, மொட்டை மாடி என்று நடந்து போகிற வரிசையிலேயே போடுங்க. கடைசியில் சம்ப், போர் மோட்டார் படம் கட்டாயம் வேண்டும். குடிநீர் சிறுவாணியா, பில்லூரா, எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் என்பது இங்கே முதல் நாலைந்து கேள்விக்குள் வந்துவிடும். அதை விளம்பரத்திலேயே எழுதிவிட்டால் வீண் போன் பாதி குறையும்.

மதுரை, மனை

கோவை அண்ணன் சொன்னது வீட்டுக்கு. காலி மனையை அப்படியே எடுத்தால் புல்லும் முள்ளும்தான் தெரியும். நாலு மூலைக் கல்லுக்கும் சுண்ணாம்பு அடித்து, கல்லுக்குக் கல் கலர் ரிப்பன் கட்டி, ரோட்டுக்கு எதிர்ப் பக்கம் நின்று எடுங்க. ரோட்டில் ஒரு கார் நிற்கட்டும், அகலம் தானாகப் புரியும்.

அளவைச் சென்ட், சதுர அடி இரண்டிலும் போடுங்க. 1 சென்ட் 435.6 சதுர அடி. சென்னைப் பார்ட்டி கிரவுண்டில் கேட்பார், அது 2,400 சதுர அடி. இதைவிட முக்கியம் நீள அகலம். 5 சென்ட் என்றால் 2,178 சதுர அடி. முகப்பு 20 அடிதான் என்றால் ஆழம் 109 அடி போகும். அப்படி ஒல்லியான மனையில் வீடு கட்ட வருகிறவர் பார்த்ததுமே திரும்பிவிடுவார். முகப்பு எத்தனை அடி, எந்தத் திசை, ரோடு எத்தனை அடி என்று இருந்தால் வேண்டாதவர் வீட்டிலிருந்தே ஒதுங்கிக்கொள்வார். பெட்ரோல் மிச்சம்.

அடுத்தது வாட்ஸ்அப் பிசினஸ். இலவசம்தான். அதிலிருக்கிற கேட்டலாக் என்கிற படப் பட்டியலில் 500 சொத்து வரை ஏற்றலாம். பேசுகிறவர்களை 'சைட் பார்த்தவர்', 'லோன் போட்டவர்', 'வாடகை' என்று லேபிள் போட்டுப் பிரித்துக்கொள்ளலாம். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்புகிற பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் நம்பரைத் தன் போனில் சேமித்தவருக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். இது தெரியாமல் 'அனுப்பினேன், ஒருத்தரும் கேட்கவில்லை' என்று விட்டுவிடுகிறவர்கள் நிறைய. சைட் காட்டி முடிந்ததும், வண்டியில் ஏறுவதற்கு முன்னாலேயே நம்பரைச் சேமிக்கச் சொல்லுங்க.

போன் நம்பரைப் படத்தின் மூலையிலேயே எழுதி வையுங்க. குரூப்புகளில் படம் மட்டும் சுற்றும், கீழே இருக்கிற எழுத்தைக் கழற்றிவிட்டு வேறு தரகர் தன் நம்பரைப் போட்டுவிடுவார். மொத்தமாக அனுப்புகிற வெளி மென்பொருள் பக்கம் போகவே வேண்டாம். நம்பர் தடையானால் கேட்டலாக்கும் வாடிக்கையாளரோடு இருந்த தொடர்பும் ஒரே நாளில் போய்விடும்.

திருச்சி, வீடு மற்றும் மனை

முகநூல் விளம்பரம் பற்றி. பதிவுக்குக் கீழே இருக்கிற 'பூஸ்ட்' பட்டனை யோசிக்காமல் அழுத்தினால் லைக்தான் வரும், பார்ட்டி வராது. முகநூலின் விளம்பரப் பக்கமான ஆட்ஸ் மேனேஜரில் போய், வாட்ஸ்அப்பில் பேச்சைத் தொடங்குகிற நோக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். வரைபடத்தில் சைட்டை மையமாக வைத்துப் பின் போட்டுச் சுற்றளவைச் சில கிலோமீட்டருக்குள் சுருக்குங்கள். தமிழ்நாடு முழுக்க விட்டால் பணம் இரண்டு நாளில் கரையும். விளம்பரப் பணத்துக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. 1,700 ரூபாய்க்கு விளம்பரம் போட்டால் வரியோடு 2,006.

படிவம் நிரப்பும் விளம்பரத்தில் ஒரு சிக்கல். பெயரும் நம்பரும் தானாக நிரம்பிக்கொள்வதால் கை தவறி அழுத்தியவரும் பட்டியலில் வந்துவிடுவார், பழைய நம்பரும் வரும். அனுப்புவதற்கு முன் சரிபார்க்கச் சொல்லும் படிவ வகையைத் தேர்ந்தெடுத்து, 'பட்ஜெட் எவ்வளவு', 'எப்போது வாங்கப் போகிறீர்கள்' என்று இரண்டு கேள்வி சேர்த்தால் எண்ணிக்கை குறையும், வருகிறவர் உருப்படியாக இருப்பார். பட்டியலில் பெயர் வந்த அன்றைக்கே கூப்பிட வேண்டும். மறுநாள் என்றால் அவர் வேறு இரண்டு தரகரிடம் பேசி முடித்திருப்பார்.

கமெண்டில் 'விலை?' என்று கேட்டால் 'இன்பாக்ஸ் வாங்க' என்று போடாதீர்கள். விலையையே போடுங்கள்.

சேலம், யூடியூப் பக்கம்

விலை விஷயத்தில் முழுக்க உடன்பாடில்லை சார். ஓனர் வெளியில் சொல்ல வேண்டாம் என்றால் போட முடியாது. அப்போது '60 லட்சத்துக்கு மேல், 65-க்குள்' என்று வரம்பாகப் போடலாம். வெறுமனே 'போனில் கேளுங்கள்' என்பதற்கு இது எவ்வளவோ தேவலை.

யூடியூப் ஷார்ட்ஸ் 2024 அக்டோபரிலிருந்து 3 நிமிடம் வரை போகலாம். ஆனால் அதன் விவரக்குறிப்பிலும் கமெண்டிலும் போடுகிற இணைப்பை 2023 ஆகஸ்ட் கடைசியிலிருந்து அழுத்த முடியாது. அதனால் நம்பர் திரையிலேயே எழுத்தாக நிற்க வேண்டும், வாயாலும் சொல்ல வேண்டும். முதல் வாக்கியத்தில் ஊர், அளவு, விலை. வணக்கம் சொல்லி இழுத்தால் விரல் மேலே தள்ளிவிடும். தலைப்பில் 'அழகான வீடு' என்று போட்டால் தேடலில் வராது. 'அஸ்தம்பட்டி 3 படுக்கையறை தனி வீடு' மாதிரி பகுதிப் பெயர் முன்னால் வரட்டும். திறந்த மனையில் காற்று இரைச்சல் பேச்சை விழுங்கிவிடும். சட்டையில் குத்துகிற விலை குறைந்த மைக் ஒன்று, அதன் மேல் பஞ்சு உறை, அது போதும்.

செங்கல்பட்டு, லே-அவுட்

ஒன்றை யாரும் சொல்லவில்லை, சொல்லியே ஆக வேண்டும். 2016 ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டப்படி 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லே-அவுட் என்கிற மனைப்பிரிவையோ, எட்டு வீட்டுக்கு மேற்பட்ட அடுக்குமாடியையோ பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக்கூடாது. 500 சதுர மீட்டர் என்பது ஏறக்குறைய 5,382 சதுர அடி, பன்னிரண்டரை சென்ட்கூட இல்லை. விளம்பரம் என்றால் பத்திரிகை மட்டுமல்ல, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் அதில் அடங்கும். திட்டத்தின் பதிவு எண்ணும் ரெரா இணையதள முகவரியும் விளம்பரத்தில் இருக்க வேண்டும். அந்தத் திட்டத்தை விற்கிற தரகரும் பதிவு செய்திருக்க வேண்டும். மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய், சொத்து மதிப்பில் 5 சதவீதம் வரை அபராதம் ஏறும். பில்டர் கொடுத்த டிசைனை அப்படியே ஸ்டேட்டஸில் வைப்பதற்கு முன் ரெரா தளத்தில் அந்த எண்ணைத் தட்டிப் பாருங்கள்.

பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்து மட்டும் இருக்கிற லே-அவுட்டை 'அப்ரூவ்டு' என்று எழுதாதீர்கள். சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) கொடுத்த அனுமதி எண் இருந்தால் எண்ணோடு எழுதுங்கள். லோனுக்குப் போகிற இடத்தில் இது உடைந்தால், வாங்கிய அட்வான்ஸும் உங்கள் பெயரும் சேர்ந்தே போகும்.

சென்னை, வாடகை

கூகுள் தேடலிலும் மேப்பிலும் தொழிலைக் காட்டுகிற கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் இலவசம். ஆனால் அலுவலகத்துக்குத்தான் அது. விற்பனைக்கு இருக்கிற ஒவ்வொரு வீட்டையும் தனி இடமாகச் சேர்த்தால் நீக்கிவிடுவார்கள்.

வாடகை விளம்பரம் போட்ட அன்றைக்கே மோசடி போன் வரும். ராணுவத்தில் இருக்கிறேன், வீட்டைப் பார்க்க வர முடியாது, அட்வான்ஸ் அனுப்புகிறேன், கியூஆர் ஸ்கேன் பண்ணுங்கள் என்பார். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை. பின் அடித்தால் உங்கள் கணக்கிலிருந்து பணம் போகும். வீட்டுக்காரருக்கும் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ஒரே வீட்டை நாலு தரகர் நாலு விலையில் போடுவதுதான் இந்தத் தொழிலின் பெரிய கேடு. 62 லட்சம், 65 லட்சம் என்று இரண்டையும் பார்க்கிற பார்ட்டி நேரே ஓனரைத் தேடிப் போகிறார். விளம்பரம் போடுவதற்கு முன் ஓனரிடம் விலையை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். கதவு எண் வேண்டாம், தெருவும் பக்கத்து அடையாளமும் போதும். பட்டா, பத்திரப் படத்தைப் பொதுவில் போடாமல், சைட் பார்த்து விருப்பம் சொன்னவருக்கு மட்டும் காட்டுங்கள்.

வீடு முடிந்ததும் எல்லாத் தளத்திலும் அன்றைக்கே எடுத்துவிடுங்கள். யூடியூப் வீடியோவை மட்டும் அழிக்காமல் தலைப்பில் 'விற்றாகிவிட்டது' என்று சேர்த்து, அதே பகுதியில் கையில் இருக்கிற வேறு வீட்டின் விவரத்தை முதல் கமெண்டில் பின் பண்ணி வைக்கலாம்.