'வோக்கிங் ஃபுட்' தமிழில் என்ன? (தோல் தையல் கைந்நூல், அவசரம்)

கொட்டாஞ்சேனையிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். தோலில் பர்ஸ், பெல்ட், கைப்பை தைக்கப் பழகும் பிள்ளைகளுக்கான கைந்நூலைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். 'எந்த மெஷின் வாங்குவது' என்ற அத்தியாயத்தில் நிற்கிறேன். சாதாரண மெஷினில் அடியிலுள்ள பல்லு மட்டுமே தோலை நகர்த்தும். தோலின் மேல் அடுக்கு, மேலிருந்து அமுக்கும் பாதத்தில் ஒட்டிப் பின்தங்கிவிடும். தைத்து முடிக்கும்போது விளிம்புகள் பொருந்தாது. வோக்கிங் ஃபுட் மெஷினில் ஊசி தோலுக்குள் நின்றபடியே பல்லோடு பின்னே போகும், உள்பாதமும் கூடவே போகும். அவை திரும்பி வரும்வரை வெளிப்பாதம் தோலை அமுக்கிப் பிடித்திருக்கும். 'நடைபாதம்' என்று எழுதியிருக்கிறேன். பொருந்துமா?

வெள்ளவத்தையிலிருந்து:
தம்பி, நடைபாதம் வேண்டாம். படிக்கிற பிள்ளைக்குக் காலி வீதி நடைபாதைதான் கண்ணில் வரும். தோல் தையலுக்கு நம்மிடம் பழஞ்சொல் இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்துத் தொழிலாளரை இளங்கோ வரிசைப்படுத்தும்போது 'துன்ன காரரும் தோலின் துன்னரும்' என்கிறார். துணி தைப்பவர் வேறு, தோல் தைப்பவர் வேறு என்று அன்றே பிரித்திருக்கிறார்கள். துன்னுதல் என்றால் தைத்தல். நெருங்குதல் என்றும் பொருள். இரண்டு அடுக்கும் விலகாமல் நெருங்கிப் போவதுதானே இந்த மெஷினின் வேலை? 'உடன்துன்னி' என்று வையுங்கள். தையல், துன்னல், பொல்லம் என்று தனித்தனிச் சொற்கள் இருந்த மொழி இது.

தெஹிவளையிலிருந்து:
ஐயா, துன்னத்தைத் தூய தமிழென்று எப்படிச் சொல்வது? வடமொழியில் தையற்காரனுக்குத் 'துன்னவாய' என்று பெயர். 'துத்', குத்துதல் என்ற வேரிலிருந்து வருவது. வடசொல்லைத் தமிழெழுத்தில் எடுத்துக்கொள்ளத் தொல்காப்பியரே இடம் கொடுத்திருக்க, 'வோக்கிங் ஃபுட்' என்றே எழுதினால் என்ன குறை?

வெள்ளவத்தையிலிருந்து:
வடமொழி வேர் குத்துதலைச் சொல்கிறது. நான் சொல்வது நெருங்குதல் என்ற துன்னு. இரண்டும் ஒலியில் ஒத்திருப்பதால் ஒன்றாகிவிடாது. 'மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா', சொல்லின் பொருளுக்குக் காரணம் பார்த்தவுடன் தெரியாது என்பதையும் அதே தொல்காப்பியர்தான் சொன்னார். அதோடு, 'அமுக்கிப் பிடித்திருக்கும்' என்று எழுதியதற்குத் தம்பிக்கு நன்றி. நம் பாடநூல்களில் அமுக்கம் என்றே படித்தோம். இப்போது பிள்ளைகள் தமிழ்நாட்டு வழக்கைப் பார்த்து அழுத்தம் என்று எழுதுகிறார்கள். அதை இந்தக் குழுவில் ஒருநாள் தனியாகப் பேசியே ஆக வேண்டும்.

புறக்கோட்டையிலிருந்து:
நான் பை தைத்து விற்கிறவள். ஐயாமார் கோபிக்க வேண்டாம், வாங்கப் போகிறவளின் பக்கமிருந்து ஒன்று சொல்கிறேன். வோக்கிங் ஃபுட் என்ற பெயரில் இரண்டு சாமான் விற்கிறார்கள். ஒன்று, வீட்டு மெஷினில் திருகிப் பூட்டும் சின்ன உபரிப்பாகம். அதில் பாதம் பல்லோடு நகரும், ஊசி மேலும் கீழும் மட்டுமே போகும். மற்றது தம்பி விவரித்த பெரிய மெஷின். ஜூக்கி 1541 அந்த வகை. கம்பனியே அதை 'யூனிசன் ஃபீட்', அதாவது ஒன்றாக நகர்த்துவது என்றுதான் சொல்கிறது. பெயரை நம்பி முதலாவதை வாங்கினால் நாலு மடிப்புத் தோலில் ஊசி வளையும். தோலில் விழுந்த ஓட்டை மூடாது. பிரித்துத் தைக்கவும் வழியில்லை. ஆகவே நீங்கள் வைக்கிற பெயரில் ஊசியும் நகர்கிறது என்பது தெரிய வேண்டும். உடன்துன்னி அழகான சொல்தான், ஆனால் அதில் ஊசி இல்லை.

இன்னொன்று. பாதம் நடக்கிற மெஷின் என்றால் அது சப்பாத்துத் தைக்கிறவர்களின் பழைய சிங்கர் 29தான். அதில் பல்லே கிடையாது. பாதம்தான் தோலைப் பிடித்து இழுக்கும், நினைத்த திசைக்குத் திரும்பும். 'நடக்கும் பாதம்' என்ற பெயரை அதற்கு வையுங்கள்.

மட்டக்குளியிலிருந்து:
அக்கா சொன்னதுதான் விஷயம். ஊசி, பல்லு, பாதம் மூன்றும் கூடி நகர்வதால் 'முக்கூட்டு நகர்வு'. முக்கூட்டு எண்ணெய் தெரிந்த வீட்டில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஃபீட் என்பதற்கு 'ஊட்டம்' மட்டும் வேண்டாம், மாட்டுத் தீவனம் மாதிரிக் கேட்கிறது.

தெஹிவளையிலிருந்து:
முக்கூட்டு சரி. ஆனால் நகர்வு தன்வினை. தோல் தானாக நகரவில்லை, மெஷின் நகர்த்துகிறது. பிறவினைதான் வேண்டும்: 'முக்கூட்டு நகர்த்தி'.

மட்டக்குளியிலிருந்து:
மூன்று பாகமும் நகர்வதைத்தான் பெயர் சொல்கிறது ஐயா, தோலை அல்ல. அதற்குத் தன்வினையே போதும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:
நேரமில்லை, எழுதிவிட்டேன். பெரிய மெஷின் 'முக்கூட்டு நகர்வு மெஷின்'. முதல் முறை வருமிடத்தில் வோக்கிங் ஃபுட் என்ற பெயரும் பக்கத்தில் இருக்கும், கடையில் கேட்க வேண்டுமே. வீட்டு மெஷினுக்கான துண்டு 'மேல்நகர்த்திப் பாதம்'. அக்கா சொன்ன எச்சரிக்கையைக் கட்டம் கட்டிப் போடுகிறேன். ஆதரவாக நாலு பேர் எழுதியிருக்கிறார்கள், மற்றவர்கள் மௌனம்.

வெள்ளவத்தையிலிருந்து:
என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். முன்னுரையிலாவது 'தோலின் துன்னர்' வர வேண்டும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:
வரும் ஐயா. அடுத்தது பக்கம் 14: பைக்குள் நுழைத்துத் தைக்க ஒடுங்கிய கை நீட்டிக்கொண்டிருக்கும் மெஷின், 'சிலிண்டர் பெட்'. உருளைப் படுக்கை என்று யாரும் எழுத வேண்டாம், தயவுசெய்து.