நாகலூர் தோட்ட வீட்டுக்கு 400 வாட் காற்றாலை: பழைய 12 வோல்ட் வயரிங் தாங்குமா?

மிளகுக்கொடி:
ஏற்காடு நாகலூர்ப் பக்கம் காபித் தோட்டத்துக்குள் வாட்ச்மேன் வீடு, ஈ.பி. லைன் கிடையாது. 100 வாட் பேனல் இரண்டு, 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி ஒன்று, எல்லாம் 12 வோல்ட். ஜூன் பிறந்தால் மூடுபனி, பேனல் பாதி நாள் சும்மா கிடக்கிறது. காற்றுக்குக் குறைவில்லை. மூன்று கம்பி வருகிற 400 வாட் காற்றாலையை இருக்கிற சோலார் கண்ட்ரோலரிலேயே சேர்க்கலாமா? கம்பம் நடும் மேடு 40 மீட்டர் தூரம். சுற்றிலும் சில்வர் ஓக்.

செவ்வாய்ப்பேட்டை வயர்மேன்:
சோலார் கண்ட்ரோலரில் மாட்டவே மாட்டாதீங்க. பேட்டரி நிறைந்ததும் அது லைனைத் துண்டித்துவிடும். பேனலுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. காற்றாலைக்கோ சுமை போய்விட்டால் இறக்கை கட்டுக்கடங்காமல் சுற்றும். வோல்ட்டேஜ் எகிறி டயோடு போகும், பலத்த காற்றில் இறக்கையே பிய்த்துக்கொள்ளும். டம்ப் லோடு (பேட்டரி நிறைந்தபின் மிச்ச மின்சாரத்தைச் சூடாக்கித் தீர்க்கும் சுமை) உள்ள காற்றாலைக் கண்ட்ரோலர் தனியாக வேண்டும். 24 வோல்ட் பேட்டரிக்கு 28.8 வோல்ட்டில் 500 வாட் இழுக்கிற மாதிரி, சுமார் 1.7 ஓம் ஒயர்வவுண்ட் (கம்பி சுற்றிய) ரெசிஸ்டரை டம்ப் லோடாகப் போடுங்க. பழுக்கச் சூடாகும், பலகையில் அடிக்காமல் செங்கல் சுவரில், வலை மூடி போட்டு.

12 வோல்ட்டை விட்டுடுங்க, 24 வோல்ட்டுக்கு மாறுங்க. 400 வாட்டுக்கு 33 ஆம்பியர் ஓடும்; 16 சதுர மி.மீ. செம்புக் கம்பியிலேயே 40 மீட்டரில் 3 வோல்ட் போயிடும், கால்வாசி நஷ்டம். 24 வோல்ட்டில் 17 ஆம்பியர், ஒன்றரை வோல்ட்தான் இறங்கும். இது இரண்டு கம்பி டிசி கணக்கு. காற்றாலையின் மூன்று ஏசி கம்பியை அதே தடிமனில் வீடுவரை இழுத்தாலும் நஷ்டம் கிட்டத்தட்ட இவ்வளவுதான்.

24 வோல்ட்டுக்காகப் பழைய பேட்டரியோடு புதியதை சீரியஸில் (ஒன்றன்பின் ஒன்றாக) சேர்க்காதீங்க, ஜோடியாகப் புதுசு வாங்குங்க. 12 வோல்ட் பல்புக்காக இரண்டு பேட்டரிக்கு நடுவிலிருந்து கம்பி எடுக்கிற பழக்கம் வேண்டவே வேண்டாம்: ஒரு பேட்டரி சார்ஜ் இல்லாமல் காயும், இன்னொன்று ஓவர் சார்ஜாகிப் பொங்கும். 24-12 கன்வெர்ட்டர் வைங்க. பேனல் இரண்டையும் சீரியஸ் ஆக்கிடலாம், சோலார் கண்ட்ரோலர் 24 வோல்ட் ஏற்குமா என்று மட்டும் பார்த்துக்கோங்க.

மேட்டுக்காற்று:
வயரிங் இருக்கட்டும், சில்வர் ஓக் எவ்வளவு உயரம்? 20 மீட்டர் மரத்துக்கு நடுவே 12 மீட்டர் கம்பம் நட்டால் காசு வீண். அங்கே வருவது காற்றில்லை, சுழல். காற்றாலைத் தலை இப்படியும் அப்படியும் திரும்பியே பேரிங் தேயும். சுற்றிலும் நூறு மீட்டர் தூரத்துக்குள் உள்ள எதையும்விட இறக்கை 9 மீட்டராவது மேலே நிற்கணும்.

400 வாட் என்பது விநாடிக்கு 12.5 மீட்டர் வேகத்தில் கிடைப்பது. வேகம் பாதியானால் மின்சாரம் எட்டில் ஒன்று. இலையும் சிறு கிளையும் ஓயாமல் ஆடுகிற 5 மீட்டர் காற்றில் 26 வாட்தான். 1500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏழில் ஒரு பங்கு குறைவதால் 22 வாட். நாள் முழுக்க அடித்தாலும் அரை யூனிட். மரம் மறைக்கிற மேடு என்றால் அந்தப் பணத்துக்கு இன்னும் இரண்டு பேனல் போடுவதே மேல்.

மிளகுக்கொடி:
மேட்டுக்குத் தென்மேற்கே மரம் கிடையாதுங்க, சரிவுதான். மற்ற மூன்று பக்கமும் ஓக். வீட்டில் இருக்கிற சாதா எம்சிபியையே (கரண்ட் மீறினால் தானே விழும் சுவிட்ச்) போடலாமா? இடி வேற பயமா இருக்கு.

செவ்வாய்ப்பேட்டை வயர்மேன்:
ஏசி எம்சிபி டிசியில் பொறியை அணைக்காது, உள்ளேயே எரியும். டிசி ரகம்தான் வாங்கணும். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு ஜாண் தூரத்துக்குள் காற்றாலைக்கு 30 ஆம்பியர் ஃபியூஸ், இன்வெர்ட்டருக்குத் தனி ஃபியூஸ்.

மூன்று கம்பியையும் ஒன்றாக ஷார்ட் செய்யும் பிரேக் சுவிட்ச், கண்ட்ரோலருக்கு முன்னால் வரணும். புயல் வந்த பிறகு ஓடிப்போய்ப் போடாதீங்க, வைண்டிங் கருகும். காற்று தணிந்திருக்கும்போதே போட்டுடணும்.

மலை பாறையாக இருப்பதால் ஒரே குழி எர்த் போதாது. கம்பத்தடியில் இரண்டு மூன்று குழி எடுத்து, பாறை தட்டினால் ஜிஐ பட்டையைப் படுக்கையாக நீளப் புதைத்து, எல்லாவற்றையும் வீட்டு எர்த்தோடு சேர்த்துக் கட்டுங்க. தனித்தனியாக விட்டால் இடி விழும்போது இரண்டு எர்த்துக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் கண்ட்ரோலர் வழியாகத்தான் பாயும். கம்பத்தை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பியையும் அடியில் எர்த் பண்ணிடுங்க.

மேட்டுக்காற்று:
தென்மேற்கு திறந்திருந்தால் ஜூன் முதல் செப்டம்பர் வரை வேலை செய்யும். வடகிழக்குப் பருவத்தில் மரத்துக்குப் பின்னால் மாட்டிக்கும், அப்போது பிரேக் போட்டு நிறுத்திடுங்க. வாங்குவதற்கு முன் கம்ப உயரத்துக்கு மூங்கிலில் நீள ரிப்பன் கட்டிப் பாருங்க: ஒரே திசையில் நீண்டு பறந்தால் சரி, சுருண்டு படபடத்தால் மேட்டை மாற்றுங்க. ஸ்டே கம்பியை இறுக்கும் டர்ன்பக்கிள் திருகுக்குள் கட்டுக்கம்பி செருகி முறுக்கிடணும், இல்லாவிட்டால் ஒரு பருவத்திலேயே அதிர்வில் கழன்றுவிடும்.