பழைய கார், சொந்தக் கை: சால்டரிங்கும் பெயிண்டும் செய்தவர்களின் அனுபவப் பகிர்வு

ஹெரால்ட் வைத்திருப்பவர், சென்னை:

ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் காரின் டாஷ்போர்டுக்குப் பின்னால் தலையை நுழைத்து வேலை செய்தவர்களுக்கு அந்த வயரிங்கைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. என் வண்டி 1969 ஆம் ஆண்டினது. பாட்டரியிலிருந்து ஃபியூஸ் எதுவும் இல்லாமல் நேரே இக்னிஷன் சுவிட்சுக்கு வரும் பழுப்பு வயர் ஓரிடத்தில் இற்றுப்போயிருந்ததால், வெட்டிப் புதுத் துண்டு சேர்த்து, ஈயம் உருக்கிச் சால்டர் வைத்தேன். அன்று மாலையிலேயே மொத்தம் பதினோரு இணைப்புகளை முடித்தேன். ஈயம் நன்றாகப் பிடிப்பதற்குத் தடவும் ரோசின் (பைன் பிசின்) பிளக்ஸ் தீர்ந்துவிட்டதால், ரேடியேட்டர் ஒட்டுவதற்கு வாங்கி வைத்திருந்த அமிலம் கலந்த ஆசிட் பிளக்ஸைத் தொட்டுக்கொண்டேன். ஈயம் பளபளவென்று அழகாக ஓடியது. மேலே, சூட்டில் சுருங்கும் பிளாஸ்டிக் ஸ்லீவ் போட்டு மூடி, படமெடுத்து நண்பர்களுக்கும் அனுப்பினேன்.

எட்டு மாதம் கழித்து ஒரு சிக்னலில் நிற்கும்போது ஹெட்லைட் மங்கியது. பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. பாட்டரியைக் கழற்றிவிட்டு, அந்த ஸ்லீவைப் பிளேடால் கீறியபோது உள்ளிருந்து பச்சைப் பொடி உதிர்ந்தது. செம்பு இழைகளில் இரண்டோ மூன்றோதான் மிச்சம் இருந்தன. விளக்குகளுக்குப் போன மின்சாரம் முழுவதும் அவற்றின் வழியாகவே போய்க்கொண்டிருந்தது. நான் நன்றாக மூடியதே அந்த அமிலத்தை உள்ளேயே அடைத்து வைத்திருக்கிறது என்பதுதான் இன்னும் உறுத்துகிறது. மற்றப் பத்து இணைப்புகளை இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை.

பத்மினி வைத்திருப்பவர், கோவை:

ஐயா, பிளக்ஸை மட்டும் குற்றம் சொல்வது சரியாகப் படவில்லை. காரில் வயருக்குச் சால்டர் வைத்ததே தவறு என்பது என் கருத்து. என் பத்மினியின் டிக்கிக் கதவுக்குப் போகும் வயரை நல்ல ரோசின் வைத்துத்தான் ஒட்டினேன். ஓராண்டில் அது ஒட்டிய இடத்தில் அறுபடவில்லை, அதற்கு ஒரு விரற்கடை தள்ளி அறுந்தது. உருகிய ஈயம் இழைகளுக்குள் ஊறி ஏறி வயரைக் குச்சிபோல விறைப்பாக்கிவிடுகிறது. விறைப்பு முடிந்து நெகிழ்வு தொடங்கும் அந்த எல்லையில்தான் ஒவ்வொரு அதிர்வும் மடிகிறது. ஆகவே வயரின் தடிமனுக்கு ஏற்ற டெர்மினலை (வயர் முனையில் மாட்டும் உலோகத் துண்டு) வாங்குங்கள், கட்டிங் பிளேயரால் நசுக்காமல் அதற்கென்று உள்ள கிரிம்பிங் கருவியால் அழுத்துங்கள், அழுத்திய பின் பலமாக இழுத்துப் பாருங்கள், வயர் தகட்டைத் தாண்டும் ஒவ்வொரு துளையிலும் குரோமெட் என்ற ரப்பர் வளையம் போடுங்கள், மூட்டின் இருபுறமும் ஒரு சாண் தூரத்துக்குள் கிளாம்ப் வைத்து அசையாமல் கட்டுங்கள். கதவு, டிக்கி, பானெட் என்று மடங்கும் இடங்களில் இணைப்பே வேண்டாம். முழு வயராக இழுத்துவிடுங்கள்.

அம்பாசடர் வைத்திருப்பவர், மதுரை:

கிரிம்ப் நல்லதுதான், ஆனால் சால்டரே கூடாது என்பதை நான் ஏற்கவில்லை. அந்தக் கால லூகாஸ் நிறுவனத்தின் புல்லட் (தோட்டா வடிவ) வயர் முனைகளிலேயே சால்டர் வைத்துப் பொருத்துபவை இருந்தன. அசையாமல் கட்டப்பட்ட இடத்தில் அவை பல ஆண்டுகள் உழைத்திருக்கின்றன. முதலில் எழுதியவர் சொன்ன பிளக்ஸ்தான் எதிரி. எனக்கு அது வயரில் வரவில்லை, பெயிண்டுக்கு அடியில் வந்தது.

பின் மட்கார்டு மூட்டில், பள்ளத்தை நிரப்பும் பட்டிப் பசைக்குப் பதிலாக, பழைய முறைப்படி காரீயம் எழுபது, வெள்ளீயம் முப்பது கலந்த கட்டியை வைத்து நிரப்பினேன். வயருக்கு வைக்கும், வெள்ளீயம் 63, காரீயம் 37 கலந்த ஈயம் 183 டிகிரி செல்சியஸில் சட்டென்று தண்ணீராகிவிடும். இந்தக் கலவையோ 183 முதல் ஏறக்குறைய 255 டிகிரி வரை வெண்ணெய்ப் பதத்தில் நிற்கும். பூவரசங்கட்டையைத் துடுப்பாகச் செதுக்கி, தேன்மெழுகில் தோய்த்துத் தடவும்போது உலோகம் கட்டைக்குப் பின்னால் மெல்ல நகர்ந்து வருவதைப் பார்ப்பதே ஒரு நிறைவு. காரீயத் தூள் நஞ்சு என்பதால் உப்புத்தாள் போடாமல் அரத்தால் மட்டும் இழைத்து, துகளை ஈரக் காகிதத்தில் பிடித்தேன். பிரைமர், நிறம், 1500 நம்பர் வாட்டர் பேப்பர், பளபளப்பேற்றும் காம்பவுண்ட் என்று எல்லாம் முறையாக முடிந்தன.

மழைக்காலம் போனதும் சரியாக அந்த மூட்டின் மேல் மிளகளவு கொப்புளங்கள் வரிசையாக எழுந்தன. ஒன்றை நகத்தால் கிள்ளினேன். ஒரு சொட்டு நீரும், அடியில் வெள்ளைப் பூப்பும். தகட்டுக்கு ஈயம் பூசுமுன் தடவிய பிளக்ஸை, சமையல் சோடா கரைத்த வெந்நீரால் கழுவி, பிறகு நல்ல தண்ணீரில் அலசி உலர்த்தியிருக்க வேண்டும். நான் ஈரத்துணியால் துடைத்ததோடு விட்டிருந்தேன். தகடுவரை மறுபடி உரிக்க நேர்ந்தது.

மாருதி 800 வைத்திருப்பவர், ஈரோடு:

மதுரை நண்பர் காரீயத் தூளுக்குக் காட்டிய கவனத்தைப் பெயிண்டுக்கும் காட்டினாரா என்று கேட்கத் தோன்றுகிறது, ஏனெனில் நான் காட்டவில்லை. பி.யு. (பாலியூரித்தேன்) பெயிண்டில், அதை இறுகவைக்கும் ஹார்டனர் கலந்து, வீட்டு ஷெட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அடித்தேன். தூசி விழக்கூடாது என்பது மட்டுமே அப்போது என் எண்ணம். முகத்தில் துணி மாஸ்க். அன்றிரவு இரண்டு மணிக்கு மூச்சை உள்ளே இழுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்தேன், நெஞ்சு விசிலடித்தது. ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போனால், பிறகு சிறிதளவு பட்டாலும் இழுப்பு வரும் என்று மருத்துவர் சொன்னார். முறையான பெயிண்ட் பூத்தில் (பெயிண்ட் அடிக்கும் தனி அறை) வெளிக்காற்றைக் குழாய் வழியாக முகமூடிக்குள் செலுத்தித்தான் அடிக்கிறார்கள். பானெட் நன்றாக வந்திருக்கிறது. மற்றப் பகுதிகளை ஒரு பெயிண்ட் கடையில் கொடுத்துவிட்டேன்.

ஹெரால்ட் வைத்திருப்பவர், சென்னை:

இந்த ஞாயிற்றுக்கிழமை மீதிப் பத்தையும் பிரித்தேன். ஏழில் பச்சை. வைப்பர் மோட்டாருக்குப் போகும் இணைப்பு, கையால் தொட்டதுமே இரண்டாகக் கழன்று வந்தது. மடங்கும் இடத்தில் இருந்த இரண்டுக்குக் கோவை நண்பர் சொன்னபடி முழு வயர் இழுத்திருக்கிறேன். மற்றவற்றை ரோசின் வைத்து மறுபடி ஒட்டி, இருபுறமும் கிளாம்ப் கட்டினேன். ஆசிட் டப்பா இப்போது ரேடியேட்டர் சாமான்களோடு வேறு அலமாரியில் இருக்கிறது.