புதுப்பிப்பு: மகளைத் தனியாக உட்கார வைத்த விமானம்

பொங்கலுக்குக் காரைக்குடி வந்துவிட்டு மதுரையிலிருந்து சென்னை திரும்பியபோது நடந்ததைப் போன மாதம் எழுதியிருந்தேன். ஒரே பிஎன்ஆர், மூன்று டிக்கெட். சேர்ந்து உட்காரக் கவுண்டரில் 600 ரூபாய் தனியாகக் கட்டினோம். ஆனால் கேட்டில், 7 வயது மகளின் போர்டிங் பாஸில் 10பி-யைப் பேனாவால் அடித்து 24இ என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மணகோலம் என்ற செட்டிநாட்டுப் பலகாரம் இருந்த தூக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நடைவழியில் அழுதபடி நின்றாள். "நீ இங்க உக்காரு ஆத்தா" என்று ஒரு பெரியவர்தான் எழுந்து இடம் கொடுத்தார். அவருக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும்.

12 வயது வரையிலான பிள்ளைகளைப் பெற்றோரில் ஒருவர் பக்கத்திலாவது உட்கார வைக்க வேண்டும் என்று, விமான நிறுவனங்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ 2024 ஏப்ரலிலேயே சொல்லிவிட்டது. அதைக் குறிப்பிட்டு நிறுவனத்துக்கு மெயில் போட்டேன், பதில் இல்லை. அப்புறம் விமானப் பயணிகளின் புகார்களுக்கான அரசுத் தளமான ஏர்சேவாவில், பேனா அடித்த பாஸின் படத்தோடு புகார் கொடுத்தேன். ஐந்தாம் நாள் போன் வந்தது. நேற்று 600 ரூபாயும் திரும்பி வந்துவிட்டது.

சரி, பணம் வந்தது. ஆனால் குழந்தையின் இடத்தை ஏன் மாற்றினார்கள்? அதைக் கேட்டு மறுபடி எழுதியிருக்கிறேன்.