ஸ்டீராய்டு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் என்றால் வெள்ளையணு ஏன் ஏறுகிறது?

வைகைக்கரை:
அம்மாவுக்கு லூபஸ், எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்கும் நோய். போன மாதத்திலிருந்து ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை தினம் 40 மில்லிகிராம், காலையில் சாப்பிட்ட பிறகு. நேற்று வந்த ரிப்போர்ட்டில் வெள்ளையணு 14,200, அதன் வகைகளில் நியூட்ரோஃபில் 86 சதவீதம், லிம்போசைட் 11, ஈசினோஃபில் பூஜ்யம். காய்ச்சல் இல்லை, மூட்டுவலியும் நன்றாகக் குறைந்திருக்கிறது. ஆனால் வீட்டில் ஆளாளுக்கு "கிருமி ஏறிடுச்சு, மாத்திரையை நிறுத்து" என்கிறார்கள். டாக்டரை வெள்ளிக்கிழமைதான் பார்க்க முடியும். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து என்றால் அணுக்கள் குறையத்தானே வேண்டும்?

நுண்ணாடி:
நான் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன், ஸ்டீராய்டு எடுப்பவர்களின் ரிப்போர்ட் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். ரத்தத்தில் இருக்கும் நியூட்ரோஃபில்களில் கிட்டத்தட்ட பாதி எப்போதும் ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும், நாங்கள் ஊசியில் எடுக்கும் ரத்தத்தில் அவை வராது. ஸ்டீராய்டு அந்த ஒட்டுதலைத் தளர்த்திவிடும். திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் தெருவில் இறங்கிவிட்டால் தெருவில் தலை எண்ணுபவருக்குக் கூட்டம் கூடிய மாதிரி தெரியுமே, அதுதான் இது. எலும்பு மஜ்ஜையிலிருந்தும் கொஞ்சம் கூடுதலாக வரும். ஆனால் சுவரில் ஒட்டினால்தானே அதைத் தாண்டித் திசுவுக்குள் போய்க் கிருமியைப் பிடிக்க முடியும்? அதனால் எண்ணிக்கை கூடியும் காவல் குறைவுதான். லிம்போசைட் இறங்குவதும் ஈசினோஃபில் காணாமல் போவதும்கூட அதே மருந்தின் வேலை. ஸ்மியரில், அதாவது கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தடவி நுண்ணோக்கியில் பார்க்கும்போது, முதிராத நியூட்ரோஃபில்கள் நிறைய தெரிந்தால் எனக்குக் கிருமி சந்தேகம் வரும், அதைப் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

கீழக்காற்று:
தயவுசெய்து மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். வாரக்கணக்கில் எடுக்கும்போது அட்ரினல் சுரப்பி உடம்பின் சொந்த ஸ்டீராய்டான கார்டிசாலின் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும், திடீரென்று விட்டால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

அப்புறம், வலி குறைந்தது எப்படி என்றால், மருந்து செல்லுக்குள் ஓர் ஏற்பியோடு சேர்ந்து உட்கருவுக்குள் போய், டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-6 மாதிரி அழற்சியைக் கிளப்பும் புரதங்களை உண்டாக்கும் மரபணுக்களை அடக்கிவிடுகிறது. 2020-இல் பிரிட்டனில் நடந்த ரெகவரி ஆய்வில் தினம் 6 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டு, ஆக்சிஜன் தேவைப்பட்ட கோவிட் நோயாளிகளின் இறப்பைக் குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் எதுவும் தெரியவில்லை. அழற்சியே உடம்பைக் கெடுக்கும் கட்டத்தில்தான் இந்த மருந்து காப்பாற்றும், லூபஸிலும் அதே கதை.

வைகைக்கரை:
இரண்டு பேருக்கும் நன்றி. அப்படியானால் காய்ச்சல் இல்லை என்பதை நம்பி இருக்கலாமா?

நுண்ணாடி:
முழுக்க நம்பாதீர்கள். காய்ச்சலை மூட்டிவிடும் புரதங்களையும் ஸ்டீராய்டு அடக்குவதால், உள்ளே தொற்று இருந்தும் உடம்பு சுடாமல் இருக்கலாம். இருமல், சிறுநீர் எரிச்சல், வழக்கத்துக்கு மாறான அசதி, லேசான சூடு, எது வந்தாலும் வெள்ளிக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம். அம்மாவுக்கோ வீட்டில் யாருக்காவதோ முன்பு காசநோய் இருந்திருந்தால் அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள், அடங்கிக் கிடப்பது இந்த மருந்தில் தலைதூக்கும். சர்க்கரையையும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒருமுறை பார்த்துவிடுங்கள், காலையில் மாத்திரை போடுபவர்களுக்கு வெறும் வயிற்றில் சரியாக இருந்து மதியத்துக்கு மேல் ஏறுவது சகஜம்.